இடம் மாறிய தழும்பு

தோஹா
8 நவம்பர் 2024

அன்புள்ள அண்ணிக்கு,

அகிலா எழுதுகிறேன். வந்து சேர்ந்து ஒரு மாதமாகிறது. உடம்புக்கு ஒன்றுமில்லை, சாப்பாடுதான் இன்னும் ஒத்துவரவில்லை. உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? அம்மா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாளா? உங்கள் செல்ல மகள் சங்கீதா கணக்குப் பாடத்தோடு சண்டையை நிறுத்தினாளா?

போனில் பேசினால் அம்மா ஸ்பீக்கரைப் போட்டுத் தெருவுக்கே கேட்க வைத்துவிடுவாள். அதனால்தான் கடிதம். நீங்களும் எழுதுங்கள். ஸ்டுடியோவின் தபால் பெட்டி எண்ணை உறையின் பின்னால் எழுதியிருக்கிறேன்.

ஓவியக் கல்லூரியில் படித்து என்ன கிழிக்கப் போகிறாள் என்று பெரியப்பா கேட்டாரே, இங்கே செம்புத் தகட்டைக் கிழித்துக்கொண்டிருக்கிறாள் என்று சொல்லுங்கள். என் முதலாளியம்மா பெயர் யானினா. போலந்து நாட்டுக்காரர், எழுபத்து நாலு வயது. அச்சு ஓவியர். செம்புத் தகட்டில் ஊசியால் கீறிப் படம் வரைவார். கீறலுக்குள் மையைத் தேய்த்து, மேலே இருப்பதைத் துடைத்துவிட்டு, நனைத்த தாளை விரித்து உருளைக்குள் கொடுத்துத் திருகினால் படம் தாளில் இறங்கும். அவருக்கு மூட்டுவலி, அதனால் துடைப்பதும் திருகுவதும் நான். ஏப்ரலில் அவருடைய ஐம்பது வருட வேலைகளை வைத்து ஒரு பெரிய கண்காட்சி. அதற்காக அவர் வாழ்க்கையைக் கேட்டு எழுதும் வேலையும் என் தலையில்தான்.

அண்ணனை மறக்கவில்லை அண்ணி. தொழில்பேட்டையில், காணாமல் போகும் முன் அவர் இருந்த தொழிலாளர் கேம்புக்குப் போனேன். கம்பெனியே கைமாறிவிட்டது. வாசலில் இருந்தவர் அரபியில் “மாஃபி, மாஃபி”, இல்லை இல்லை, என்று கையை விரித்தார். மறுபடி போவேன்.

அம்மாவுக்கும் சங்கீதாவுக்கும் என் அன்பு.

அகிலா


இளையான்குடி
29 நவம்பர் 2024

அகிலாவுக்கு நாகவள்ளி எழுதுவது,

நாங்கள் மூவரும் சௌகரியம். முதுகுவலி என்னோடுதான் இருக்கிறது, அது எங்கே போகும். நீ வேளைக்குச் சாப்பிடு. ஊரில் இருக்கும்போதே எலும்பும் தோலுமாக இருந்தவள்.

மிளகாய் நாற்று ஊன்றியாயிற்று. மழை பரவாயில்லை.

உன் பெரியப்பா கார்மேகம் போன வாரம் வீட்டுக்கு வந்தார். கூடவே நாலு பேர். “ஏழாவது வருசம் பொறக்கப் போகுது. செத்தவனுக்குத் தண்ணி விடாம வச்சிருந்தா குடும்பத்துக்கு ஆகாது. வர்ற ஆடி அமாவாசைக்குத் தேவிபட்டினத்துல வச்சு முடிச்சிருவோம்” என்றார். அத்தை தலையைக் குனிந்துகொண்டார். நான் உள்ளேயிருந்து வந்து, “பொணத்தப் பாத்தீகளா?” என்று கேட்டேன். காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்கள்.

கேம்பைவிட்டுப் போனவர் எங்கேயோ பாஸ்போர்ட் இல்லாமல் மாட்டிக்கொண்டிருக்கிறார். பேச வழியிருந்தால் பேசாமல் இருக்கிற ஆளா உன் அண்ணன்? தலைவலி என்றால்கூட எனக்குச் சொல்லிவிட்டுத்தான் மாத்திரை போடுவார். அவர் இருக்கிறார். நான் பொட்டு வைத்துக்கொண்டுதான் களையெடுக்கப் போகிறேன், பேசுகிறவர்கள் பேசட்டும்.

ஆடிக்குள் ஒரு தகவல் வேண்டும் அகிலா. இன்ன இடத்தில் கண்ணால் பார்த்தேன் என்று ஒரு ஆள் சொன்னால் போதும், காரியத்தை நிறுத்திவிடுவேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

நாகவள்ளி


தோஹா
3 ஜனவரி 2025

அன்புள்ள அண்ணிக்கு,

புது வருடம் உங்களுக்கு நல்லதைக் கொண்டுவரட்டும். இங்கே குளிர், எனக்கு இருமல். யானினா அம்மா தேனும் பூண்டும் கலந்து ஒரு கஷாயம் தருகிறார். நம் ஊர்க் கஷாயத்துக்கு அண்ணன் முறை, அவ்வளவு கசப்பு. அம்மாவுக்குக் கால் வீக்கம் வடிந்ததா?

அவர் கதையைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொண்டிருக்கிறேன். நெசவாலைகள் நிறைந்த ஊரில் பிறந்தவர். அவர் அம்மா ஆலைத் தொழிலாளி, ஷிப்டு முடிந்து வந்தால் காது மந்தமாகிக் கத்திப் பேசுவாராம். கிராக்கோ நகரத்தில் படித்துவிட்டு நாடகங்களுக்குச் சுவரொட்டி வரைந்திருக்கிறார். அந்த ஊரில் சுவரொட்டி என்றால் நடிகர் முகத்தைப் பெரிதாகப் போடுவதில்லை. ஒரு நாற்காலி, ஒரு கை, ஒரு கிழிந்த சட்டை, அதிலேயே கதையைச் சொல்லிவிட வேண்டும். காகிதப் பஞ்சம் வந்தபோது மளிகைக்கடைத் தாளின் பின்பக்கத்தில் அச்சடித்தாராம். 1981இல் பள்ளிக்கூடப் புத்தகங்களுக்குப் படம் போடக் குவைத்துக்கு வந்திருக்கிறார். அங்கே போர் வந்ததும் தகடுகளையெல்லாம் அப்படியே போட்டுவிட்டு ஓடியவர், பிறகு தோஹாவுக்கு வந்து வாசனைத் திரவியப் பெட்டிக்கும் பேரீச்சம்பழ டப்பாவுக்கும் படம் வரைந்து பிழைத்திருக்கிறார்.

உலகம் அவரைப் பேசுவது அதற்கெல்லாம் இல்லை. பதினைந்து வருடமாக வெள்ளிக்கிழமைதோறும் தொழில்பேட்டைக்குப் போய், டீக்கடைப் பக்கம் மடக்கு நாற்காலியைப் போட்டு, எதிரே உட்காருகிற தொழிலாளியின் முகத்தை நேராகத் தகட்டிலேயே கீறுவார். அழித்துத் திருத்தும் பேச்சே கிடையாது. அவருக்கு ஒரு வழக்கம் இருக்கிறது. உட்கார்ந்தவருக்கு அடுத்த வாரமே ஒரு படி அச்சடித்து உறையில் போட்டுக் கொடுத்து, “பாய், கர் பேஜோ” என்பார். வீட்டுக்கு அனுப்பு என்று அர்த்தம். உலகத்தில் எத்தனை வீடுகளில் அவர் படம் தொங்குகிறதோ.

அண்ணனோடு வேலை பார்த்த இரண்டு பேரைக் கண்டுபிடித்தேன். 2018க்குப் பிறகு பார்க்கவில்லை என்றார்கள். தளரவேண்டாம்.

அகிலா


தோஹா
14 பிப்ரவரி 2025

அண்ணி!

நலம் விசாரிக்கப் பொறுமையில்லை, மன்னியுங்கள். எல்லோரும் நன்றாகத்தான் இருப்பீர்கள். இதைப் படித்ததும் இன்னும் நன்றாக இருப்பீர்கள்.

கண்காட்சிக்காகப் பழைய படங்களைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தேன். ஒன்றைத் தூக்கிப் பார்த்தேன். அண்ணன்! அதே நெற்றி, அதே காது. கீழே பென்சிலால் மார்ச் 2022 என்று எழுதியிருக்கிறது. அவர் காணாமல் போனதோ 2018இல். அதற்கப்புறமும் இதே தோஹாவில் உயிரோடு இருந்திருக்கிறார் அண்ணி! நீங்கள் சொன்னதுதான் சரி, ஊரே தப்பு.

கட்டம் போட்ட சட்டை, படிய வாரிய தலை. கன்னம்கூடக் கொஞ்சம் பூசினாற்போல் இருக்கிறது. யாரோ நல்ல மனிதர்கள் வேளைக்குச் சோறு போட்டிருக்கிறார்கள். உதட்டில் லேசாகச் சிரிப்பு. நான் பிரஸ்ஸுக்கு அடியில் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

யானினா அம்மாவிடம் ஒரு படி கேட்டு வாங்கினேன். எங்கள் டிரைவர் சரவணகுமார் பரமக்குடிக்காரர், லீவில் வருகிறார், அவர் கையில் சுருட்டிக் கொடுத்தனுப்புகிறேன். நசுங்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். அம்மாவிடம் காட்டுங்கள். பெரியப்பாவைக் கூப்பிட்டு நடுவீட்டில் விரித்துக் காட்டுங்கள். காரியமாவது ஒன்றாவது!

அகிலா


இளையான்குடி
11 மார்ச் 2025

அகிலாவுக்கு,

நலம். உன் இருமல் நின்றதா?

சரவணகுமார் தம்பி சுருளைக் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னேன், பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று போய்விட்டார்.

படத்தைப் பார்த்தோம். அது உன் அண்ணன் இல்லை. அவருக்குத் தழும்பு இடது புருவத்தில், ஆழ்துளைக் குழாய் இறக்கும்போது ஸ்பேனர் தெறித்து வெட்டியது. படத்தில் இருக்கிறவருக்கு வலது புருவத்தில் இருக்கிறது. அத்தையும் பார்த்துவிட்டு, “என் மவனுக்கு எடது பக்கமுல்ல” என்றார். பெரியப்பாவும் அதையேதான் சொன்னார்.

ஒரே மாதிரி ஏழு பேர் இருப்பார்கள் என்பார்கள். நீ அலையவேண்டாம். மிளகாய்ப் பழம் பறிப்பு நடக்கிறது, ஆள் கிடைக்கவில்லை. சங்கீதாவுக்குப் பரீட்சை.

நாகவள்ளி


தோஹா
28 மார்ச் 2025

அன்புள்ள அண்ணிக்கு,

இருமல் போய்விட்டது. பரீட்சையை எப்படி எழுதினாள் என்று சங்கீதாவிடமே கேட்டுக்கொள்கிறேன்.

தப்பு என்னுடையது. படத்தை அனுப்பினேனே தவிர, சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. எங்கள் தொழிலில் இது அரிச்சுவடி, அதனால் உங்களுக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்துவிட்டேன். தகட்டில் இருப்பது தாளில் இடம் வலம் மாறித்தான் விழும். யானினா அம்மா எதிரே பார்த்ததை அப்படியே தகட்டில் கீறுகிறார். அச்சில் இறங்கும்போது இடது புருவம் வலதாகிவிடும். படத்தில் சட்டைப் பையைப் பாருங்கள், வலது பக்கம் இருக்கிறது. எந்தத் தையல்காரர் ஆண்பிள்ளைச் சட்டைக்கு வலது பக்கம் பை வைப்பார்? படத்தைக் கண்ணாடி முன்னால் பிடித்துப் பாருங்கள் அண்ணி, அண்ணன் நேராக நின்று உங்களைப் பார்ப்பார்.

உட்கார வந்தவர்களோடு யானினா அம்மா நிறையப் பேசுவார். இந்த முகம் அவருக்கு நிச்சயம் ஞாபகம் இருக்கும். கண்காட்சி வேலை மூச்சுவிட விடவில்லை, முடிந்ததும் அவரிடம் விசாரித்து முகவரியோடு எழுதுகிறேன். அதுவரை பெரியப்பாவை நம்பாதீர்கள்.

அகிலா


இளையான்குடி
26 மே 2025

அகிலாவுக்கு,

கடிதம் கிடைத்தது. உடனே பதில் எழுதவில்லை, வேலை அதிகம். கத்திரி வெயில் கொளுத்துகிறது. அத்தைக்கு இரண்டு நாள் மயக்கம், இப்போது தேவலை. மிளகாய் காய்ந்து மூட்டை கட்டியாயிற்று. சங்கீதா பாஸாகிவிட்டாள், கணக்கில்கூட. பக்கத்து வீட்டு ஆடு இரண்டு குட்டி போட்டது, ஒன்றுக்கு அவள் உன் பெயரை வைத்திருக்கிறாள்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். அந்த அம்மா போகிற வருகிற ஆட்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து வரைவாரா, இல்லை அவர்களே பிரியப்பட்டு வந்து உட்காருவார்களா?

வேறு ஒன்றுமில்லை.

நாகவள்ளி


தோஹா
20 ஜூன் 2025

அன்புள்ள அண்ணிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். அம்மாவை வெயிலில் வெளியே விடாதீர்கள். என் பெயர் வைத்த குட்டியைக் கோயிலுக்கு நேர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: அவர்களாகத்தான் வந்து உட்காருவார்கள்.

கண்காட்சி முடிந்துவிட்டது. நல்ல கூட்டம். போலந்திலிருந்துகூட வந்திருந்தார்கள். தொழிலாளர் முகங்கள் ஒரு சுவர் முழுக்க. பார்க்க வந்த ஒரு எலெக்ட்ரீஷியன் தன் முகத்தைக் கண்டுபிடித்து அதற்குக் கீழேயே நின்று செல்பி எடுத்துக்கொண்டார். ஒரு படத்தை மட்டும் நான் சுவரில் மாட்டவில்லை. யானினா அம்மா அதைக் கவனித்தார்.

எல்லாம் முடிந்த மறுநாள் அவரிடம் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தேன். தன்னைப் பற்றி இதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னார். வாழ்க்கைக் குறிப்பில் இதை எழுதவில்லை, உங்களுக்கு எழுதுகிறேன்.

அவர் குவைத்துக்கு வந்த வருடமே போலந்தில் ராணுவச் சட்டம் வந்தது. போன் அறுந்தது, தபால் நின்றது. கணவர் மரேக் அங்கே, இவர் இங்கே. மரேக்கும் அச்சு ஓவியர்தான். சில மாதத்தில் தபால் மறுபடி ஓட ஆரம்பித்தது. மரேக் எழுதினார், இவர் பதில் எழுதவில்லை. ஏன் என்று கேட்டேன். “முதலில் என்ன எழுதுவதென்று தெரியவில்லை. அப்புறம், இத்தனை நாள் ஏன் எழுதவில்லை என்பதையும் சேர்த்து எழுத வேண்டியதாகிவிட்டது. அதற்குள் குவைத்தில் எனக்கு வேறொரு வாழ்க்கை வந்துவிட்டது” என்றார். நேற்றைய சமையலைச் சொல்வதுபோலச் சொன்னார் அண்ணி, எனக்குத்தான் உட்கார முடியவில்லை.

குவைத்தில் போர் வந்ததும் வேறு போக்கிடம் இல்லாமல் ஊருக்குத் திரும்பிப் போயிருக்கிறார். மரேக் கதவைத் திறந்தாராம், தேநீர் கொடுத்தாராம். கோபமாக ஒரு வார்த்தை இல்லை. கிளம்பும்போது ஒரு தாளைக் கையில் கொடுத்தாராம். கல்யாணமான புதிதில் மரேக் தகட்டில் வரைந்த இவருடைய முகம். அதன்மேல் மூலைக்கு மூலை இரண்டு கோடு. எங்கள் தொழிலில் ஒரு தகட்டிலிருந்து இனிமேல் படி எடுப்பதில்லை என்று முடிவு செய்தால் அப்படிக் கோடு கிழித்துவிடுவோம். கிழித்ததற்குச் சாட்சியாகக் கடைசியாக ஒரே ஒரு படி எடுப்போம். மரேக் கொடுத்தது அந்தப் படி. யானினா அம்மா பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டினார். இவ்வளவு வருடத்தில் அதைச் சட்டம் போட்டு மாட்டியதில்லை, தூக்கிப் போடவும் இல்லை.

பெரியப்பாவிடம் நான் ஒன்றும் பேசவில்லை. ஆடி அமாவாசைக்கு நீங்கள் என்ன முடிவு செய்தாலும் நான் உங்கள் பக்கம்.

அகிலா


இளையான்குடி
27 ஜூலை 2025

அன்பு அகிலாவுக்கு அண்ணி எழுதுவது,

எங்களுக்கு உடம்பெல்லாம் சுகம். உன் கையில் மை ஒட்டி அரிக்கிறது என்று சங்கீதாவிடம் சொன்னாயாம். தேங்காய் எண்ணெய் தடவு.

ஆடி அமாவாசையன்று தேவிபட்டினத்துக்குப் போய் உன் அண்ணனுக்குக் காரியத்தை முடித்துவிட்டோம். பெரியப்பா மகன் விமல்தான் செய்தான். நான்தான் செய்யச் சொன்னேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. பெரியப்பாவே திகைத்துப் போய், “நெசமாத்தான் சொல்றியாத்தா?” என்று இரண்டு தடவை கேட்டார்.

சுருளைப் பிரித்தவுடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது. தாலி கட்டின முகத்தைக் கண்டுபிடிக்கத் தழும்பு எதற்கு? ஆனால் தழும்பு இடம் மாறி இருந்ததைக் கண்டதும் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். “இது அவரில்ல அத்தை, தழும்பு வேற பக்கம்” என்று முதலில் சொன்னது நான்தான். அத்தை படத்தை வாசலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தார். என் முகத்தையும் பார்த்தார். அப்புறம்தான், “ஆமா, என் மவனுக்கு எடது பக்கமுல்ல” என்றார். பெற்றவருக்கு அடையாளம் தெரியாதா? அதைப் பற்றி இன்றுவரை நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

நீ சின்னப் பெண், சந்தோஷத்தில் எழுதினாய். கன்னம் பூசியிருக்கிறது, சட்டை நன்றாக இருக்கிறது என்று. நான் ஆறு வருஷமாக அவர் எங்கே பட்டினி கிடக்கிறாரோ என்று நினைத்து இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டதில்லை. ஜெயிலில் இருப்பார், பாலைவனத்தில் ஒட்டகம் மேய்ப்பார், கைகால் போய் யாராவது ஒரு புண்ணியவான் வீட்டில் கிடப்பார் என்று என்னென்னவோ நினைத்தேன். இஸ்திரி போட்ட சட்டையோடு, தலையைச் சீவிக்கொண்டு, வெள்ளிக்கிழமை தானாக வந்து நாற்காலியில் உட்கார்ந்து சிரிப்பார் என்று மட்டும் நினைக்கவில்லை. உட்கார்ந்தவருக்கெல்லாம் அந்த அம்மா ஒரு படி கொடுத்து வீட்டுக்கு அனுப்பச் சொல்வார் என்று நீதானே எழுதினாய். இவருக்கும் கொடுத்திருப்பார். அது இங்கே வரவில்லை. எந்த வீட்டுச் சுவரில் தொங்குகிறதோ அதுதான் அவர் வீடு.

முகவரியோடு எழுதுகிறேன் என்றாய். அடுத்த கடிதத்தில் அந்த அம்மாவைப் பற்றி நாலு பக்கம் எழுதினாய், உன் அண்ணனைப் பற்றி ஒரு வரி இல்லை. எனக்குப் போதுமானதாக இருந்தது. மரேக் என்கிற அந்த மனிதரை நினைத்துத்தான் எனக்கு அழுகை வந்தது.

உயிரோடு இருக்கிறவருக்குத் தண்ணீர் விட்டால் பாவம் என்பார்கள். பாவம் என்னைச் சேரட்டும். சங்கீதாவை நினைத்துப் பார்த்தேன். அப்பா செத்துப்போனார் என்றால் ஒருநாள் அழுது தீர்ப்பாள், அப்பா நல்லவர் என்று சொல்லிக்கொண்டு வளருவாள். நம்மை வேண்டாம் என்று விட்டுவிட்டார் என்றால் அதை எங்கே கொண்டுபோய் இறக்குவாள்? இனி வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் அவள் எழுந்து பார்க்க வேண்டியதில்லை. நானும்தான். பொட்டை அழிக்கக் கூடாது என்று அத்தை கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், அதனால் வைத்துக்கொள்கிறேன். தாலியைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன். வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார்.

நீ என்னிடம் வெட்கப்படாதே, மறைக்கிறோமே என்று மருகாதே. உனக்கு அவர் கூடப்பிறந்தவர். பார்க்கலாம், பேசலாம், அதை நான் குறையாக நினைக்கமாட்டேன். எங்கே இருக்கிறார், யாரோடு இருக்கிறார் என்று மட்டும் எனக்கு எழுதாதே. தீபாவளிக்கு லீவு கிடைத்தால் வா, உன் ஆட்டுக்குட்டி பெரிதாகிவிட்டது.

அவரைப் பார்த்தால் ஒன்று சொல். ஊரில் உங்களுக்குக் காரியம் ஆகிவிட்டது, உங்கள் மகள் கடற்கரை மணலில் உட்கார்ந்து நன்றாக அழுதாள், இனி யாரும் உங்களைத் தேடி வரமாட்டார்கள் என்று சொல்.

என்றைக்கும் உன் அண்ணி,
நாகவள்ளி